பரணில் ரக்கூன், ஏணியில் ஒடாலிஸ்

ஒடாலிஸுக்கு வாய் ஓயவே ஓயாது. நான் கதை கட்டவில்லை. அவளுடைய ஆசிரியரே மதிப்பெண் அட்டையில் எழுதியிருக்கிறார்: "நல்ல மாணவி. பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்ல மாணவி."

ஒரே வருடத்தில் அவளை ஐந்து முறை இடம் மாற்றி உட்கார வைத்தார்கள். கடைசியாக யாருமே இல்லாத மூலையில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில். அன்று மாலைக்குள் எல்லா மீனுக்கும் பெயர் வைத்துவிட்டதாகவும், சண்டைக்கார மீன் இரண்டையும் சமாதானம் செய்து வைத்ததாகவும் வீட்டில் வந்து சொன்னாள்.

அந்த வாய்தான் எங்கள் டார்பன் தீவில் ஒரு குடும்பத்தையே காப்பாற்றியது. ஐந்து பேர் உள்ள குடும்பம். ஐந்து பேருக்கும் வால் உண்டு.

ஒடாலிஸின் அம்மா நெரெய்தா பூச்சிகளை விரட்டும் தொழில் செய்பவர். தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் வீடுகளில் பன்னிரண்டுக்கு அவர்தான் பொறுப்பு. எறும்பு, கரப்பான், குளவி, எலி என்று எது தலைகாட்டினாலும் ஃபோன் அவருக்குத்தான் வரும். அவருடைய வண்டிக் கதவில் கறுப்புக் கண்ணாடி போட்ட கரப்பான் பூச்சி ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கும். வரைந்தது ஒடாலிஸ். கோடை விடுமுறையில் அந்த வண்டியின் முன் சீட்டும் அவளுக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, 'உப்புக் காற்று' என்று பெயர்ப்பலகை மாட்டிய வீட்டின் முன்னால் வண்டி நின்றது. உயரமான மரக்கால்கள் மேல் நிற்கும் வீடு. படியில் மிஸ் ட்ரூடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தீவில் பாதி வீட்டுச் சாவிகள் அவரிடம்தான் இருக்கும். வீடுகளை வாடகைக்கு விடுவதும், வருகிறவர்கள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.

"நெரெய்தா, இங்க தங்கியிருந்தவங்க ஒரு நாள் முன்னாடியே மூட்டை கட்டிட்டாங்க! பரண்ல யாரோ நாற்காலிய இழுக்கிற மாதிரி சத்தமாம். நாளைக்கு நாலு மணிக்கு அடுத்த குடும்பம் வருது. ஒன்பது பேரு!"

"பாத்துடறேன், மிஸ் ட்ரூடி."

"பாத்தா மட்டும் போதாது. நாலு மணிக்குள்ள அந்த சத்தம் போகணும். இல்லன்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிக்கு ஃபோன் பண்ணுவேன். அவங்க கூண்டை எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க. அப்புறம் பன்னிரண்டு வீட்டையும் அவங்களே பாத்துக்கட்டும்."

"அப்போ நாங்க என்ன பண்றது?" என்றாள் ஒடாலிஸ். "போன வாரம்தான் கரப்பானுக்கு புதுசா பெயின்ட் அடிச்சேன். மீசை கூட நீட்டமா..."

"ஒடாலிஸ், வாயை மூடு," என்றார் அம்மா. ஒரு நாளைக்கு முப்பது தடவை அவர் சொல்லும் வாக்கியம் அது.

உள்ளே போய், கூடத்தில் ஏணியைச் சாய்த்து, பரண் கதவைத் தள்ளி, அம்மா டார்ச்சோடு தலையை நீட்டினார். அப்புறம் சத்தமே இல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"ரக்கூன்," என்றார். பூனையைவிடக் கொஞ்சம் பெரிய, வாலில் வளையம் வளையமாக வரி போட்ட காட்டு விலங்கு அது. "தாய். கூட நாலு குட்டி."

"குட்டியா! கண்ணைச் சுத்தி திருடன் முகமூடி மாதிரி கறுப்பு இருக்கா? நான் பாக்கணும்! ஒரே ஒரு தடவை!"

"மேல தலைய நீட்டினா பாரு. குட்டி போட்ட ரக்கூன் விளையாட்டுக்குக் கடிக்காது."

"அந்தக் கம்பெனிக்காரங்க கூண்டு வச்சா என்ன ஆகும், மம்மி?"

"கூண்டுல தாய் மட்டும்தான் மாட்டும். அதைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. குட்டிங்க பால் இல்லாம பரண்லயே கிடக்கும்."

ஒடாலிஸ் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. ரக்கூனுக்கு எப்பவும் ரெண்டாவது வீடு ஒண்ணு இருக்கும். இந்த வீடு பிடிக்காம போச்சுன்னா, குட்டிங்கள ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு அங்க போயிடும். மனுஷங்க பேசிக்கிட்டே இருந்தா அதுக்குப் பிடிக்காது. நான் ரேடியோவுல பேச்சு வச்சு விட்டுடுவேன்."

அம்மா வண்டியிலிருந்து ரேடியோவை எடுத்து வந்தார். பொத்தானை அழுத்தினார். தட்டினார். பின்பக்க மூடியைத் திறந்தால், உள்ளே எல்லாம் பச்சைப் பச்சையாகத் துரு. தீவில் உப்புக் காற்று எதைத்தான் விட்டு வைத்திருக்கிறது!

அடுத்து ஃபோனில் பேச்சு வைத்து அதைப் பரண் ஓரத்தில் வைத்தார். பத்தே நிமிடம். பரணின் சூடு தாங்காமல் அது தானாக அணைந்துபோனது.

அம்மா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "புது ரேடியோ வாங்க பாலம் தாண்டிப் போகணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலத்துல ஒரு வண்டியும் நகராது."

ஒடாலிஸ் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மம்மி, பேச்சு தானே வேணும்? என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரேடியோ தேடுறியே!"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு நேரம் பேசுவ?"

"உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டாவது படியில உக்காரு. அதுக்கு மேல ஒரு படி ஏறக் கூடாது. நான் இங்கதான் சமையலறையில எறும்புக்கு மருந்து வச்சுக்கிட்டு இருப்பேன்."

ஒடாலிஸ் இரண்டாவது படியில் ஏறி உட்கார்ந்தாள். திறந்திருந்த பரண் கதவை அண்ணாந்து பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம், ரக்கூன் அம்மா! உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த வீடு உங்களுக்கு ஒத்து வராது. மேல எவ்வளவு சூடுன்னு உங்களுக்கே தெரியும். ஃபோன் கூட மயங்கி விழுந்துடுச்சு. நாளைக்கு ஒன்பது பேரு வர்றாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் பாட்டு போடுவாங்க. அவங்கள்ல ஒருத்தராவது டிரம்பெட் வாசிப்பாங்கன்னு நினைக்கிறேன்."

மேலே என்னவோ அசைந்தது. அப்புறம் அமைதி.

அவள் விடவில்லை. மீன் தொட்டி மீன்களின் பெயர்களைச் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாட்டை நேராகவும் தலைகீழாகவும் ஒப்பித்தாள். அவளுடைய சிநேகிதி சேப்பலின் பல் விழுந்த கதையை, முதலில் சேப்பல் சொன்ன மாதிரியும், பிறகு உண்மையில் நடந்த மாதிரியும் சொன்னாள். ஐந்து மணிக்கு அம்மா கொய்யாப்பழ ஜாம் வைத்த பேஸ்ட்ரி கொடுத்தார். அதை மென்றுகொண்டே, அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றும் மேலே சொன்னாள்.

"வாயில வச்சுக்கிட்டு பேசாதே," என்றார் அம்மா வழக்கம்போல. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, இல்ல, பேசு!" என்றார்.

ஆறு மணிக்குத் தொண்டை அரிக்கத் தொடங்கியது. ஏழு மணிக்குக் குரல் கரகரத்தது. ஆனாலும் நாலு குட்டிகளை நினைத்தால் நிறுத்த மனம் வரவில்லை.

கோடையில் எங்கள் தீவில் பொழுது சாய எட்டு மணிக்கு மேலாகிவிடும். வெயில் தாழ்ந்து, எட்டு மணி ஆகப்போகும் நேரம். கூடத்து ஜன்னலுக்கு வெளியே, கூரையோரம் சாய்ந்திருந்த பனை மரத்தில் ஒரு கனத்த உருவம் இறங்கியது. அதன் வாயில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று தொங்கியது. அது மணலில் அடர்ந்து வளர்ந்திருந்த கடல் திராட்சைப் புதருக்குள் நுழைந்து மறைந்தது.

ஒன்று!

ஒடாலிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தாய் திரும்பி வந்தது. இரண்டு. மறுபடியும் வந்தது. மூன்று.

அதற்குள் இருட்டிவிட்டது. ஜன்னலில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"போதும், கண்ணு. வேலை முடிஞ்ச மாதிரிதான்," என்று அம்மா அவளை இறக்கிவிட்டார். நாலாவதை இருட்டில் எடுத்துப் போய்விடும் என்று ஒடாலிஸும் நினைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறியவுடன் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் எழுந்து, "மம்மி" என்றாள். காற்றுதான் வந்தது. தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போயிருந்தது.

சனிக்கிழமை என்றால் தீவில் யாருக்கும் மூச்சுவிட நேரம் கிடையாது. காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் வீடுகளைக் காலி செய்யும், மாலை நாலு மணிக்கு அடுத்த கூட்டம் வந்து இறங்கும். மற்ற வீடுகளை முடித்துவிட்டு அம்மாவும் ஒடாலிஸும் 'உப்புக் காற்று'க்கு வரும்போது மணி மூன்று. சுத்தம் செய்ய வந்த ரோஸ்லின் உள்ளே தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கீழே துணி துவைக்கும் இயந்திரம் கடகடத்தது. மிஸ் ட்ரூடி நொடிக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா பரணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "கூடு காலி! போயிடுச்சு!"

வெளியே ஏணியைச் சாய்த்து, ரக்கூன் உள்ளே புகுந்த கூரையோர ஓட்டையை அடைக்கக் கம்பி வலையையும் திருகாணிகளையும் எடுத்துக்கொண்டு ஏறப்போனார்.

ஒடாலிஸுக்கு மனசு கேட்கவில்லை. அவள் பார்த்தது மூன்று. நாலாவதை அவள் பார்க்கவில்லை. பார்க்காததை எப்படி எண்ணிக்கையில் சேர்ப்பது?

"மம்மி!" என்று கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் ஏணியின் முன் கைகளை விரித்து மறித்தாள். பிறகு நாலு விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

"தெரியும், தெரியும், நாலு மணிக்கு வந்துடுவாங்க!" என்றார் மிஸ் ட்ரூடி. "அதுக்குத்தானே அவசரப்படுறோம்! வழி விடு, செல்லம்!"

ஒடாலிஸ் தலையை ஆட்டினாள். மூன்று விரல்களைப் பனை மரத்தில் இறங்குவது போல இறக்கிக் காட்டினாள். மிச்சமிருந்த ஒரு விரலைக் கூரையை நோக்கி நீட்டினாள்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "ராத்திரி வந்து எடுத்திருக்கும், கண்ணு. நான்தான் பாத்துட்டேனே, கூட்டுல ஒண்ணும் இல்ல."

ஒடாலிஸ் வாதம் செய்யவில்லை. செய்யவும் முடியாது. நேராக வீட்டுக்குள் ஓடினாள். ரோஸ்லினின் இயந்திர வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கீழே ஓடித் துணி இயந்திரத்தை நிறுத்தினாள். "ஏய், என்ன பண்ற?" என்று பின்னாலேயே வந்த மிஸ் ட்ரூடியைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

அதுவரை எத்தனையோ பேர் அவளைப் பார்த்து அப்படி விரல் வைத்திருக்கிறார்கள். அவள் இன்னொருவரைப் பார்த்து வைத்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவும் உள்ளே வந்தார். எல்லோரும் கூடத்தில் பேசாமல் நின்றார்கள். அலைச் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் போயிற்று. மிஸ் ட்ரூடி பொறுமை இழந்து வாயைத் திறந்தார். அப்போது சுவருக்குள்ளிருந்து, மிக மெல்லிசாக, "க்ர்ர்ர்... க்ர்ர்ர்..."

"ஐயோ," என்றார் அம்மா.

கையுறையை மாட்டிக்கொண்டு பரணுக்குள் ஏறினார். மூலையில், சூட்டைத் தடுக்கப் போட்டிருந்த பஞ்சு விரிப்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. அதற்குள் தோள்வரை கையை விட்டார். வெளியே எடுத்தபோது அவர் கையில் ஒரு குட்டி முகமூடிக்காரன் கால்களை உதைத்துக்கொண்டு வீறிட்டான். நகர்த்தும்போது நழுவி விழுந்திருக்க வேண்டும். தாயின் கைக்கு எட்டாமல் போயிருக்கிறது.

அம்மா அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, பனை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். எல்லோரும் படிமேல் ஒதுங்கி நின்றார்கள். குட்டி அழுத அழுகை கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

கடல் திராட்சை இலைகள் விலகின. பட்டப்பகலில், நாலு மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தாய் ரக்கூன் விறுவிறுவென்று வந்தது. பெட்டிக்குள் தலையை விட்டுக் குட்டியின் பிடரியைக் கவ்வியது. போகிற போக்கில் ஒடாலிஸை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. நன்றி சொல்கிற பார்வை என்று சொல்ல முடியாது. 'அப்பாடா, இன்றைக்காவது இவள் பேசாமல் இருக்கிறாளே' என்கிற மாதிரிதான் இருந்தது.

மிஸ் ட்ரூடி மூக்கை உறிஞ்சினார். "தூசி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

"தாய் திரும்பி வந்து உங்க கூரையப் பிச்சுப் போட்டிருக்கும்," என்றார் அம்மா. "குட்டிய நினைக்கவே வேணாம்."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசித் திருகாணி இறங்கியது. நாலு மணிக்கு ஒன்பது பேரும் வந்து இறங்கினார்கள். நம்பினால் நம்புங்கள், அவர்களில் ஒருவர் கையில் டிரம்பெட் பெட்டி இருந்தது.

வண்டி கிளம்பும்போது மிஸ் ட்ரூடி ஜன்னலருகே குனிந்தார். "நெரெய்தா, 'நீல நண்டு' வீட்டுப் பரண்லயும் ஏதோ உருளுதாம். அடுத்த வாரம் வந்துடுங்க."

"புது ரேடியோ வாங்கிட்டு வந்துடறோம்."

"ரேடியோ எதுக்கு? முதல்ல இவ தொண்டைய சரி பண்ணுங்க!"

தொண்டைக்கு மருந்து வாங்க வண்டி பாலத்தில் ஏறியது. உள்ளே ஏ.சி. இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அம்மா ஒரு தடவை பக்கத்தில் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். ஸ்டீயரிங்கில் விரல்களால் தாளம் போட்டார்.

"ஏன்டி இவ்வளவு அமைதியா இருக்க? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஏதாவது பேசேன்."

ஒடாலிஸ் உதடுகளை அசைத்தாள். நாலாவது குட்டிக்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள். ஏன் அந்தப் பெயர் என்பதற்குப் பெரிய கதையே இருந்தது. ஆனால் வந்தது கிசுகிசுப்புதான்.

அம்மா அந்தக் கொளுத்தும் வெயிலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, அவள் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார்.