பதினோராவது சொல்

பயிற்சியில் பத்துச் சொற்கள்தான் இருந்தன. இராயப்பன் பதினொன்றைத் திருப்பிச் சொன்னார்.

"கடைசியா என்னப்பா சொன்னீங்க?" மகள் ஷார்லின் டேப்லட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஏங்க."

"அது லிஸ்ட்ல இல்லையே."

எழுபத்திரண்டு வயதில், வகுப்பில் தப்பாகச் சொன்ன பையனைப் போல அவருக்கு முகம் சுட்டது. அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் கருவி பொருத்தி இரண்டு மாதமாகியும், டேப்லட்டிலிருந்து நேராகத் தலைக்குள் வரும் குரல்கள் எல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டியதுபோல ஒன்றாகவே இருந்தன. ஆணா பெண்ணா என்றுகூடப் பிரிக்க முடியவில்லை. "காது இல்ல அங்கிள், உங்க மூளைதான் மறுபடி கேக்கக் கத்துக்கணும். டெய்லி அரை மணி நேரம் செய்ங்க," என்று மருத்துவமனையில் பயிற்சி தரும் துளசி சொல்லி அனுப்பியிருந்தாள்.

மறுநாளும் அந்தச் சொல் வந்தது. அவர் திருப்பிச் சொல்லவில்லை.

வாரங்கள் போகப் போகக் கூழாங்கற்கள் உதிர்ந்தன. ஜெலுத்தோங் பிளாட்டின் லிப்ட் கதவு மூடுவது, பக்கத்து வீட்டுச் சட்டியில் மிளகாய் பொரிவது, ஜன்னல் தகரத்தில் மழை விழுவது என ஒவ்வொன்றும் தனித்தனியாக அவரிடம் திரும்பி வந்தது. ஷார்லின் மகிழ்ந்துபோய் மதிப்பெண்களைத் துளசிக்கு அனுப்பினாள். பதினோராவது சொல்லும் கூடவே தெளிந்தது. முதலில் அது பெண்ணின் குரலானது. பிறகு அதில் ஈரம் சேர்ந்தது, ஓடு பதித்த சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலி சேர்ந்தது. ஒரு மாலை அது யாருடையதென்று தெரிந்துவிட்டது.

அமலம்மாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் மனைவி ஏதோ ஒன்றை மூன்று முறை கேட்டாள் என்று, அவள் கண்முன்னாலேயே காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பத்தடி தூரம். ஒரு மணி நேரம், மரண அறிவிப்புகள் வரை, அவர் பேப்பர் படித்தார். எழுந்து போனபோது அவள் உயிரோடு இல்லை.

"பேட்டரி தீந்துபோச்சும்மா," என்றார் மகளிடம்.

அவள் நம்பினாள். அழுதாள். "இனிமே உங்களுக்கு அந்த நெலம வரக்கூடாதுப்பா," என்று அலைந்து திரிந்து இந்த அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான். அன்றிலிருந்து அவர் அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

வியாழன் மாலை. நல்ல மழை.

"இன்னைக்கு வாக்கியம்பா. கேட்டு அப்படியே சொல்லுங்க."

"கடைக்குப் போய் வந்தேன்," என்றது டேப்லட் குரல்.

"கடைக்குப் போய் வந்தேன்," என்றார்.

"ஏங்க. கீழ விழுந்துட்டேன்."

ஷார்லின் திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"அத எடுத்து மாட்டுங்க."

"அப்பா? சொல்லுங்க லா."

"பாக்கெட்லதான இருக்கு."

காதின் பின்னால் கையை விட்டார். தலையில் ஒட்டியிருந்த காந்தத்தோடு வெளிக்கருவியைப் பிடுங்கினார்.

நிசப்தம். அது இல்லாமல் அவருக்கு எதுவும் கேட்காது. மழை இல்லை. மூச்சு இல்லை. குரல் இல்லை. தப்பித்துவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தார்.

ஷார்லின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கழுத்து குளியலறைப் பக்கம் சாய்ந்திருந்தது. எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். நீண்ட நேரம். முழுதாக.

அவள் உதடுகள் ஒட்டின. பிரிந்தன.

அந்தச் சொல்லுக்குக் காது தேவையில்லை. அம்மா.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன. அவர் சட்டைப் பாக்கெட்டைக் காட்டி ஏதோ கேட்டாள். ஒரே கேள்வி. மறுபடி. மறுபடி.

அவர் தலை குனிந்தார். தரையைப் பார்த்தார்.

அவள் முதுகுக்குப் பின்னால் குளியலறைக் கதவு திறந்துகொண்டிருந்தது. விரல் அகலம். கை அகலம். கதவின் விளிம்பில், தரையை ஒட்டி, நனைந்து வெளுத்த நான்கு விரல்கள்.