மறுப்பதற்கு உரிமையுண்டு

செவ்வாய்க் கோளின் செந்தரை நகரில் அன்று காலையும் குடியரசுத் தலைவி பூங்காவனம் மக்களைக் கெஞ்சினார். "ஆளுக்கு நாலு லிட்டருக்கு மேல தண்ணி எடுக்காம இருந்தா உதவியா இருக்கும்." ஆயிரத்து எழுநூறு பேர் தங்கள் கைக்காப்பில் பச்சையை அழுத்தினார்கள். முந்நூறு பேர் சிவப்பை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனார்கள். சட்டப்படி அது சரி.

பூமியின் ஆணைகளில் அலுத்துப்போனவர்கள் கட்டிய ஊர் அது. அங்கே தலைவராகும் எவருக்கும் குரல்வளையில் அரிசியளவுச் சில்லு ஒன்றைப் பதிப்பார்கள். பெயர், பணிவி. நாம் ஒரு சொல்லைச் சொல்லும் முன்பே தொண்டைத் தசைகள் அதற்குத் தயாராகிவிடும். பணிவி அந்த அசைவைப் படிக்கும். வேண்டுகோள் என்றால் விட்டுவிடும். ஆணை என்றால் குரல் நாண்களைத் தளர்த்திவிடும். வெறும் காற்றுதான் வெளியே வரும்.

சபைத் துணைவர் இருதயராஜ் கொண்டுவந்த மகுடம் ஒரு மெல்லிய உலோக வளையம். தலையில் வைத்தால் பணிவி உறங்கிவிடும். அதன் வேலை அவ்வளவுதான்.

"போன புயல்ல உள்மாடத்துக்கு வாங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினீங்கம்மா? நாப்பது பேர் மறுத்தாங்க. மூணு பேரைப் புதைச்சோம். அன்னிக்கு இது இருந்திருந்தா?"

"மூணு பேரும் பொழைச்சிருப்பாங்க. அப்புறம் இதை யாருப்பா கழட்டுறது?"

"நீங்களே கழட்டிடுவீங்க. உங்களை நம்பறோம்ல."

"அதான் பயமா இருக்கு."

மாலையில் பொதுமாடத்தில் ஊரே கூடியது. பூங்காவனம் மகுடத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்" என்றார்.

"வேண்டாம்னு சொல்ற மனசு யாருக்கு வரும்?" என்று முன்வரிசையில் ஒருவர் தழுதழுத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடுத்தவர் விழுந்தார். சற்று நேரத்தில் இரண்டாயிரம் பேரும் தரையில் கிடந்தார்கள்.

பூங்காவனம் காற்றை அளக்கும் சுவர்மானியைப் பார்த்தார். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. வெளிவிட்ட சூடான மூச்சு விரைவாக மேலே எழாது, முகத்தருகிலேயே தேங்கும். அதைக் கலைக்கும் விசிறிகளை நிற்பவர்களின் தலை உயரத்தில்தான் வைத்திருந்தார்கள். தரையோடு முகம் வைத்துக் கிடப்பவர்களைப் பற்றி எந்தப் பொறியாளரும் நினைத்திருக்கவில்லை. சுவர்மானியில் தரைக்காற்றின் நச்சளவு ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா?"

எல்லாக் கைக்காப்பிலும் சிவப்பு. மறுக்கும் உரிமையை அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக அதற்குமுன் பயன்படுத்தியதே இல்லை.

"நீங்க மகுடத்தை வைக்கிற வரைக்கும் எழமாட்டோம்மா" என்றார் இருதயராஜ், தரையிலிருந்து, மூச்சு வாங்கியபடி.

'எழுந்திருங்க' என்று பூங்காவனம் கத்திப் பார்த்தார். காற்றுதான் வந்தது. பின்வரிசையில் ஒரு பெண் நினைவிழந்து புரண்டாள்.

பூங்காவனம் மகுடத்தை எடுத்துத் தலையில் வைத்தார்.

"எழுந்திருங்க."

இரண்டாயிரம் பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் அந்தப் பெண்ணையும் தூக்கி நிறுத்தினார்கள். விசிறிக்காற்று பட்டதும் கண் விழித்தாள். உடனே மகுடத்தைக் கழற்றினார் பூங்காவனம்.

"நன்றி. எல்லாரும் வீட்டுக்குப் போனா நல்லா இருக்கும்."

மறுபடி சிவப்பு. கண்களில் நீர் மல்க, முன்வரிசை முழங்காலை மடக்கியது. பின்வரிசைகளும் மடங்கின. அந்தப் பெண்தான் எல்லாருக்கும் முன்னதாகத் தரையைத் தொட்டாள்.

பூங்காவனம் மகுடத்தை மறுபடி அணிந்துகொண்டார். அவர்களை எழுப்பினார், வீட்டுக்கு அனுப்பினார். மாடம் காலியான பிறகும் அதைக் கழற்ற அவருக்குத் துணிவு வரவில்லை.