நுழைய அனுமதி

இருநூற்றுப் பன்னிரண்டு என்று வர வேண்டிய இடத்தில் இருநூற்று முப்பத்தொன்று என்று வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கம்பெனியில் வேறு ஈ காக்கை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் சர்வரின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சூடான பிளாஸ்டிக் வாசனையும் யாரோ வெள்ளிக்கிழமை கழுவாமல் விட்டுப்போன காபிக் கோப்பையின் புளிப்பும் கலந்து மூக்கில் ஏற, கம்பெனியின் மெயில் சர்வரைக் கவனிக்கும் மெயில்காரன் அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தான். எல்லா ஊழியர்களுக்கும் எல்லா ஷேர்டு ஃபோல்டர்களிலும் 'நுழையலாம்' என்று அனுமதி கொடுக்கும் ஸ்கிரிப்ட் அது. ஆயிரத்துச் சொச்சம் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற அவனுக்கென்ன கிறுக்கா? வழக்கமாக 'ஒத்திகை' என்ற சொல்லைச் சேர்த்து ஒரு முறை ஓட்டுவான். அந்தச் சொல் இருந்தால் ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்று சொல்லுமே தவிர எதையும் தொடாது. இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதை விட்டுவிட்டான்.

பத்தொன்பது பேர் அதிகம்.

மேலிருந்து படித்தான். ஊழியர் குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி. அப்படியென்றால் சர்வரில் கணக்கு உள்ள அத்தனை பேரும். பழைய கடிதங்கள் எப்போதாவது தேவைப்படும் என்று முதலாளி அழிக்க விடாத பத்தொன்பது கணக்குகளும் சேர்த்தி. அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தவனே அவன்தான்: காலமானோர்.

சிரிப்புத்தான் வந்தது. செத்தவர்கள் வந்து ஃபோல்டரைத் திறக்கவா போகிறார்கள்?

பட்டியலின் கடைசி ஃபோல்டர் 'வீடு'. ஓசி இடம்தானே என்று கம்பெனி சர்வரில் அவன் ரகசியமாக வைத்திருந்த குடும்ப நாட்காட்டி. மனைவியின் பல் டாக்டர், பாப்பாவின் நீச்சல் வகுப்பு. அவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு பதிவு.

'3.10. வந்துட்டோம்.' எழுதியவர்: ஸ்டோர்ஸ்.

சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் அண்ணன் போன வருஷம் அலமாரி சரிந்து செத்தவர். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் இவனும் ஒருவன்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, ஆபீஸ் ஆளுங்களை வரச் சொன்னா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? வீடு போட்டது போட்டபடி கிடக்கு."

"யாரு?"

"ஸ்டோர்ஸ் அண்ணனாம். நான் கதவே திறக்கல, ஹால்ல வந்து நிக்கிறாரு. கேட்டா அனுமதி இருக்குங்கிறாரு."

"பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போ. இப்பவே!"

"எப்படிப் போறது? வாசல் பூரா ஆளுங்க. ஏங்க... ஏன் இப்படி மண் வாசனை அடிக்குது?"

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தட்டினான். 'வீடு' ஃபோல்டரிலிருந்து காலமானோரை நீக்கு. விரல்கள் தாமாகவே ஓடின. என்டர்.

காலமானோர்: 19.

நீக்கம். நீக்கம். நீக்கம். பத்தொன்பது வரிகளும் வரும்வரை அவன் மூச்சு விடவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கீழே இன்னொரு வரி வந்தது.

ஒத்திகை மட்டும். எதுவும் மாற்றப்படவில்லை.

பாழாய்ப்போன பழக்கம். விட்டுத் தொலைத்த சொல்லை இந்த முறை விரல்களே சேர்த்திருந்தன. அழித்தான். எழுத்துப் பிழை. மீண்டும் தட்டினான். என்டர்.

"அப்பா." போனில் பாப்பா.

"அம்மா எங்கடா கண்ணு?"

"பேச மாட்டேங்கிறாங்கப்பா. அவங்களோட போய் வரிசையில நிக்கிறாங்க."

"நீ ஓடு. பின்பக்கமா ஓடு!"

"இருப்பா, எண்ணிட்டிருக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

திரையில் முதல் வரி வந்தது. காலமானோர்: 20.

"...பதினெட்டு, பத்தொம்பது. அம்மா இருபது."

அவன் கண்ணெதிரே அந்த இருபது இருபத்தொன்றானது.

போனில் பாப்பா இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்: "இருபத்தொண்ணு, நான்..."