மூன்றாக மடித்த நோட்டு

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சலூத்தின் கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். சேவலையும் சேர்த்தால் ஆறு.

அரிசி மூட்டைகளுக்கு அருகே, காற்று வரும் பக்கமாக, எலிசேயோ மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. சந்தையில் ஒரு பெஞ்சு போட்டு, மூட்டை தூக்கி முதுகு வலிக்கிறவர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது அவர் தொழில். எதிரே, காலி சோடாப் பெட்டியின்மேல், அவருடைய அக்கா மகன் ரோமெல். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் ஊர்த்தலைவர் இலாரியோ, மடியில் மைப்பெட்டியோடு. மேசைக்குப் பின்னால் நின்றபடி சலூத். தரையில், பரீட்சை அட்டையும் பேனாவுமாக, சலூத்தின் மகள் நெனிதா. சேவல் நாற்காலிக்கு அடியில்.

நெனிதாவுக்குப் பத்து வயது. அந்தத் தெருவிலேயே நல்ல கையெழுத்து அவளுடையதுதான்.

"நீங்களே எழுதலாமே, தலைவரே?" என்றாள் சலூத்.

"நான் எழுதினதை நானே மறுநாள் படிக்க முடியாது. நம்ம சேவல் இதைவிட நல்லாக் கிறுக்கும்" என்றார் இலாரியோ.

எல்லோரும் சிரித்தார்கள். எலிசேயோ மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"எழுதும்மா, நெனிதா" என்றார் அவர். "நகராட்சி அலுவலகத்துக்கு. எனக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியா இல்லை. அதனால சந்தையில இருக்கிற என் பெஞ்சையும், மூணு மாசத்துக்கு ஒருதரம் வர்ற உதவித்தொகையையும், இனிமே ரோமெல் பேருக்கே மாத்திக் கொடுக்கணும்."

"கீழே மாமா கைரேகை வைப்பார்" என்றான் ரோமெல். "சீக்கிரம் எழுது, குட்டி. நகராட்சிக்குப் போற கடைசி ஜீப்னி வண்டி அஞ்சு மணிக்கு."

'எனக்கு இப்போதெல்லாம் ஞாபகம்' என்பதுவரை எழுதினாள் நெனிதா. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"மாமா, உங்களுக்கா ஞாபகம் இல்லை? போன வருஷம் என் பிறந்தநாளுக்கு வந்தவங்க எத்தனை பேர்னு காலடிச் சத்தத்தை வெச்சே சொன்னீங்களே?"

"அது போன வருஷம்" என்றார் மாமா மெல்ல. "இப்ப பணநோட்டே கலந்துபோகுது. போன வாரம் உங்கம்மாகிட்ட ஐந்நூறுன்னு கொடுத்தேன். நூறா இருந்துச்சு. மருந்துக்கடையிலயும் அப்படித்தான். எவ்வளவு வெட்கமாப் போச்சு தெரியுமா? நாளைக்கு ஒருத்தர் முதுகைப் பிடிக்கிறதுக்குப் பதிலா மேசையைப் பிடிச்சேன்னா?"

இந்தத் தடவை அவரே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

எல்லா நோட்டும் ஒரே நீளம், ஒரே அகலம். அதனால் எலிசேயோ மாமா மடித்து வைப்பார். ஐம்பது என்றால் நீளவாக்கில் ஒரு மடிப்பு. நூறு என்றால் குறுக்கே இரண்டாக. ஐந்நூறு என்றால் மூன்றாக. தெருவுக்கே அது தெரியும்.

போன வாரம் அம்மா கையில் வாங்கிய அந்த நூறு நெனிதாவுக்கு நினைவுக்கு வந்தது. ஊதா நிற நோட்டு. ஆனால் அழுத்தமாக, மூன்றாக மடித்திருந்தது.

"மாமா, நோட்டை எப்ப மடிப்பீங்க?"

"கையில வாங்கின உடனே. உதவித்தொகையை ரோமெல்தான் வாங்கிட்டு வர்றான். நான் பெஞ்சுல சம்பாதிக்கிற சில்லறையையும் அவன்தான் நோட்டா மாத்திக் கொடுக்கிறான். ஒண்ணொண்ணா கையில வெச்சு, இது நூறு மாமா, இது ஐந்நூறு மாமான்னு சொல்லுவான். சொல்லச் சொல்ல மடிப்பேன்."

"இப்ப எதுக்கு இந்த விசாரணை?" என்றான் ரோமெல். "கடிதம் எழுதச் சொன்னா எழுது."

"எழுதுறேன் அண்ணா. ஞாபகம் எவ்வளவு மோசம்னு தெரிஞ்சாத்தானே சரியா எழுத முடியும்? மாமா, உங்க டப்பாவைக் கொஞ்சம் திறக்கலாமா?"

மாமா பைக்குள்ளிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஏழு நோட்டுகள் இருந்தன. நான்கு மூன்றாக மடித்தவை. மூன்று இரண்டாக மடித்தவை.

நெனிதா ஒவ்வொன்றாக மாமா விரலில் வைத்தாள்.

"ஐந்நூறு" என்றார் மாமா.

சலூத் பிரித்தாள். "நூறு."

"ஐந்நூறு."

"நூறு."

"ஐந்நூறு."

"இது ஐந்நூறுதான், மாமா!"

"ஐந்நூறு."

"நூறு" என்றாள் சலூத். அவள் குரல் இறங்கிவிட்டது.

இரண்டாக மடித்தவற்றில் ஒன்றுதான் நூறு. மற்ற இரண்டும் ஐம்பது.

"பார்த்தீங்களா தலைவரே?" என்று ரோமெல் எழுந்துவிட்டான். "அஞ்சு தப்பு! இதைத்தான் நான் ஆறு மாசமாச் சொல்றேன். பாவம், மாமாவுக்கு எல்லாம் குழம்பிப்போச்சு."

எலிசேயோ மாமா தலையைக் குனிந்துகொண்டார். "வைக்கிறேன்ப்பா. மையைக் கொடுங்க தலைவரே."

இலாரியோ மைப்பெட்டியைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் நெனிதா. நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் அவசரத்துல கணக்குப் போட்டா எப்படித் தப்பு வரும்?"

"ஒருதரம் கூட வரும், ஒருதரம் குறைய வரும். உனக்குன்னு ஒரு ஒழுங்கா இருக்கு?"

"அதான்மா! மாமா குழம்பியிருந்தா, இரண்டா மடிச்சதுல ஒரு ஐந்நூறாவது இருக்கணுமே? ஒண்ணுகூட இல்லை. மருந்துக்கடையில என்னைக்காவது, 'மாமா, நீங்க அதிகமாக் கொடுத்துட்டீங்க'ன்னு சொல்லியிருக்காங்களா?"

மாமா நிமிர்ந்தார். "இல்லையே."

"நம்ம கடையில?"

"ஒருநாளும் இல்லை" என்றாள் சலூத்.

"தப்பு எல்லாமே மாமாவுக்கு நஷ்டமாவே வருது. மடிச்ச விரல்ல தப்பு இல்லை. மடிக்கச் சொன்ன..." நெனிதா நிறுத்திக்கொண்டாள். மீதியைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் சோடாப் பெட்டிப் பக்கம் திரும்பியிருந்தார்கள். சேவல்கூட.

"ரோமெல்" என்றார் எலிசேயோ மாமா. "நூறைக் கையில வெச்சு ஐந்நூறுன்னு சொன்னியாடா?"

ரோமெல் செருப்பைப் பார்த்தான். "போன்ல ஒரு விளையாட்டு மாமா. பணம் கட்டி ஆடுறது. ஜெயிச்சதும் திருப்பி வெச்சிடலாம்னு..."

"ஜெயிச்சியா?"

"இல்லை."

அப்புறம் எதிர்பாராத ஒன்று நடந்தது. எலிசேயோ மாமா சிரித்தார். மெல்ல ஆரம்பித்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மாமா! கோபம் இல்லையா உங்களுக்கு?" என்றாள் சலூத்.

"இருக்கு, நிறைய இருக்கு. அதை ராத்திரி சாப்பிட்டதும் வெச்சுக்கிறேன். ஆறு மாசமா எனக்குப் புத்தி போகுதுன்னு தூங்காமக் கிடந்தேன், சலூத். போகலை! எல்லாம் அப்படியே இருக்கு!" அவர் பத்து விரலையும் விரித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

இலாரியோ தொண்டையைச் செருமினார். "ரோமெல், எடுத்த பணத்தை ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் என் முன்னாடி கொண்டுவந்து வைக்கணும். ஒரு மாசம் தவறினாலும் விஷயம் போலீஸுக்குப் போகும்."

"சரிங்க" என்றான் ரோமெல். அவன் குரல் சேவலுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நெனிதா, அந்தத் தாளைக் கிழிச்சிடு" என்றார் மாமா. "புதுசா எழுது. என் பெஞ்சு என் பேர்லயே இருக்கட்டும். எனக்குப் பதிலா ரோமெல் பணம் வாங்கலாம்னு முன்னாடி கைரேகை வெச்சுக் கொடுத்தேன்ல, அது இன்னையோட செல்லாது. இனிமே நானே வந்து வாங்கிக்குவேன்."

நெனிதா எழுதினாள். எழுதியதை முழுவதும் உரக்கப் படித்துக் காட்டினாள். பிறகு தாளை இலாரியோவிடம் கொடுக்கச் சொல்லி, "நீங்களும் ஒருதரம் படிங்க" என்றார் மாமா. இரண்டு பேர் படித்ததும் ஒன்றாக இருந்தபிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தார். ரேகை அழகாக விழுந்தது.

உறையில் பசை இல்லை. சலூத் நான்கு சோற்றுப் பருக்கை கொண்டுவந்தாள். மாமா தானே நசுக்கித் தேய்த்து உறையை ஒட்டினார்.

நெனிதாவின் தோளைப் பிடித்தபடி அவர் தெருமுனைக்கு வந்தபோது, கடைசி ஜீப்னி உறுமிக்கொண்டிருந்தது.

"நகராட்சிக்குக் கடிதமா? பத்து பெசோ" என்றார் ஓட்டுநர்.

சரிபார்த்து மறுபடி மடித்த நூறு ஒன்றை மாமா நீட்டினார். ஓட்டுநர் இரண்டு இருபது பெசோ நாணயங்களையும் ஒரு நோட்டையும் கையில் வைத்தார். நாணயங்களை மாமாவின் விரலே அறிந்துகொண்டது. நோட்டை மட்டும் அவர் மடிக்கவில்லை.

"இது எவ்வளவு?"

"அம்பதுங்க" என்றார் ஓட்டுநர்.

"கோவிச்சுக்காதீங்க. இனிமே ரெண்டு வாய் சொன்னாத்தான் மடிப்பேன். இன்னும் ஒருத்தர் சொல்லுங்க."

"அம்பது!" என்று ஜீப்னி முழுவதும் கத்தியது.

எலிசேயோ மாமா அந்த நோட்டை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்துப் பையில் வைத்தார். கடிதம் ஓட்டுநரின் தொப்பிக்குள் போனது, வண்டி கிளம்பியது.