வெற்றுத்தாள்

புழுதிப் புயலின் தூசியில் மனிதத் தோல் செதில் இருப்பது அதிசயமில்லை; ஆனால் இவ்வளவு இருக்கக்கூடாது. நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லுகளாய் மின்னிய மணலையும், பழுப்புக் களிமண் துகள்களையும், எங்கோ வற்றிய ஏரியிலிருந்து கிளம்பிவந்த உப்புப் படிகங்களையும் வகை பிரித்துக்கொண்டிருந்தவள், வெங்காயத்தோல் போல மடிந்து கிடந்த செதில்களைக் கண்டதும் பல்லைக் கடித்தாள். மறுபடியுமா?

காலையிலிருந்தே இதே கதைதான். ஆய்வகத் தலைவர் அறிக்கையை முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

"ஏம்மா, புயல் என்ன கொண்டுவந்துச்சுன்னு கேட்டா, நீ உன்னையே உதிர்த்துக் குடுக்கிறியே!"

"கையுறை, தொப்பி எல்லாம் போட்டிருக்கேன் சார்."

"அப்ப வெற்றுத்தாளைப் பாரு. அதுலயும் வந்துச்சுன்னா, நாளையிலிருந்து அந்த மேசைப் பக்கமே வர வேணாம்."

வெற்றுத்தாள் என்றால், காற்றிலிருந்து தூசி பிடிக்கும் வடிதாள்களில் வெளிக்காற்றே படாத ஒன்று. வேலை செய்பவரின் அழுக்கைக் காட்டிக்கொடுக்கவென்றே வைப்பது. வாதாடி, முட்டி மோதி வாங்கிய மேசை இது, விடுவாளா? புதுக் கையுறை மாட்டினாள், பழையதன் மேலேயே. கழற்றினால் தோல் பறக்குமே.

பட்டப்பகலிலேயே ஜன்னல் செம்மஞ்சளாய் இருண்டிருந்தது. யாரோ ஓயாமல் சலிப்பதுபோல மணல் கண்ணாடியில் உரசியது. மூடிய அறைக்குள்ளும் காய்ந்த மண்ணின் வாடை.

கைப்பேசி அடித்தது. கணவன்.

"ஜன்னலெல்லாம் அடைச்சாச்சு. ஆனா உன் தலகாணி, உன் நாற்காலி, உன் சீப்பு, அங்க மட்டும் தூசி. பெருக்கப் பெருக்க வருது."

"இருக்கிற எரிச்சல்ல நீங்க வேற!"

கைப்பேசி பிடியில் நிற்காமல் நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. இரட்டைக் கையுறை, அதனால்தான்.

வெற்றுத்தாளை லென்ஸுக்கடியில் தள்ளினாள்.

மணல் இல்லை. களிமண் இல்லை. உப்பு இல்லை. செதில்கள் மட்டும். நடுவே ஒரு பச்சைத் துணுக்கு. நேற்று மகள் அடம்பிடித்துப் பூசிவிட்ட நகப்பூச்சின் அதே பச்சை.

எப்படி? இரண்டு உறைக்குள் இருக்கும் நகம் எப்படி வெளியே வரும்? யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். அழுகையும் கோபமுமாய்த் தலைவரின் அறைக்குள் நுழைந்தாள்.

"உங்களுக்கு என் கைமேலதான சந்தேகம்? பாருங்க சார். நல்லாப் பாருங்க!"

இழுத்தாள். கையுறை வந்தது.

கனமாக வந்தது.

வலிக்கவில்லை. மேசையில் வைத்தாள். ஐந்து விரல்களும் புடைத்தபடி கிடந்தன. அவர் கையுறையைப் பார்க்கவில்லை. அவள் சட்டைக் கையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தொளதொளவென்று தொங்கியது.

"சார்..."

கையுறை மெல்லச் சாய்ந்தது. வாய்ப்பக்கத்திலிருந்து மிருதுவான, வெளிர்ப் பழுப்புத் தூசி கொட்டியது. அங்கங்கே பச்சை. மின்விசிறிக் காற்றில் அது எழுந்து, சுழன்று, ஜன்னல் இடுக்கை நோக்கிப் போயிற்று, வழி தெரிந்ததுபோல.