கூடாரத்தை மூடிய கை

மதியம் மூன்று மணிக்கு அணைக்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தோம், நானும் மெச்சோவும். மெச்சோ எங்கள் நாய். 'என் நாய்' என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

திட்டம் போன வருடத்தினுடையது. ரோடோப்பி மலையில் ஐந்து அணைகள், ஐந்து இரவுகள். எங்கும் அறை எடுப்பதில்லை. அதே தாள்தான் காரில் கிடந்தது. என் எழுத்துக்குப் பக்கத்தில் ரலிட்சா பென்சிலால் கேட்டிருந்தாள்: 'செப்டம்பரில் குளிராதா?'

குளிர்ந்தது. முதல் இரவே, இங்கே, என் மனைவி செத்துப்போனாள்.

முதலாண்டு நினைவுத்தாளை அவள் அம்மா அச்சடித்துக் கொடுத்திருந்தார். மேலே அவள் படம். "அவ செத்த எடத்துல இருக்கிற பைன் மரத்துல ஒண்ணு ஒட்டிடுங்க மாப்பிள்ளை. எம் பொண்ணு புத்தியில்லாம போயிட்டா."

முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பாஸ் இந்த வருடம் வந்தவர். என்னைத் தெரியாது. இரண்டு சின்னக் கிளாஸ்களில் ரக்கியா சாராயத்தோடு வந்தார்.

"நாய்க்குக் காசு வேணாம் தம்பி. குரைச்சா மட்டும் உங்களுக்கு டபுள்." சிரித்தார். "ரூம் ஒண்ணு காலியா இருக்கு. பனி கொட்டும்."

"டெண்ட் போதும்ணே."

"அப்போ அடுப்பை உள்ள கொண்டுபோயிராதீங்க. போன வருஷம் ஒரு பொண்ணு கரி அடுப்பை உள்ள வெச்சு, ஜிப்பையும் மூடிக்கிட்டுப் படுத்துச்சாம். புருஷன் நாயோட கார்ல தூங்கியிருக்கான், தப்பிச்சான். பைத்தியக்காரப் பொண்ணு."

செத்தவளுக்காக நாலு சொட்டு மண்ணில் ஊற்றினார். "கடவுள் மன்னிக்கட்டும்." என்னைப் பார்த்தார்.

நானும் ஊற்றினேன். "பைத்தியக்காரத்தனம்தான்," என்றேன்.

அது நான் போலீசுக்குச் சொன்ன கதை. அவள் அம்மாவுக்கும் அதையே சொன்னேன்.

அடுப்பை உள்ளே வைத்தது நான். அறைக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. இரவில் மெச்சோ பிராண்டிப் பிராண்டி என்னை எழுப்பியது. அதோடு வெளியே வந்தேன். அது திரும்ப உள்ளே வர மறுத்ததால் காரில் படுத்தேன். சூடு போய்விடக்கூடாது என்று ஜிப்பைக் கடைசிப் பல்வரை இழுத்து மூடியதும் நான்தான்.

கூடாரமும் அதேதான். புதிது வாங்கவில்லை.

பைன் மரத்தடியில் அதை அடித்தேன். பையில் பசையைத் தேட உள்ளே குனிந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜிப் நகர்ந்தது.

மெதுவாக. கீழிருந்து மேலே.

வெளியிலிருந்து.

"ஸ்பாஸ் அண்ணே?"

வெயில் துணியில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. ஆள் நிழல் எதுவும் இல்லை. மெச்சோவின் நிழல் மட்டும் இருந்தது. பின்னங்கால்களில் எழும்பி, முன்னங்கால்களை எதன்மீதோ ஊன்றி நின்றது, ஓர் இடுப்பின் உயரத்தில். வால் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த முன்னங்கால்களுக்குக் கீழே ஒன்றுமில்லை.

கரி வாசனை வந்தது. பிறகு சூடு. தலை கனத்தது. ஜிப்பை உள்ளிருந்து இழுத்தேன். அசையவில்லை.

"நான்தான்," என்று முணுமுணுத்தேன். "அடுப்பை வெச்சது நான்தான். மூடினதும் நான்தான், ரலிட்சா."

ஜிப் ஒரு சாண் திறந்தது.

நின்றது.

"யார்கூடப் பேசுறீங்க தம்பி?" தூரத்தில் ஸ்பாஸின் குரல்.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான்.

"நாய்கிட்டண்ணே."

ஜிப் மறுபடி மூடிக்கொண்டது. ஸ்பாஸ் வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார். அவர் கைக்குச் சுலபமாக வந்தது.

"உங்களை உள்ள வெச்சு யாரு மூடினது?"

"தெரியலை," என்றேன்.

தாளை ஒட்டவில்லை. கூடாரத்தைச் சுருட்டிக் காரின் பின்னால் திணித்துக் கிளம்பினேன். 'நாய் பயப்படுது' என்று அவரிடம் காரணம் சொன்னேன்.

மெச்சோ பயப்படவில்லை. முதல் வளைவிலேயே இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து வாலை ஆட்டத் தொடங்கியது.

பின்னால், சுருட்டிய துணிக்குள் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சாண்.

நின்றது.