நாலாம் டாங்கு கழுவப்படவில்லை

திங்கட்கிழமை காலை 7.10. பூதப்பாண்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற வைன் கம்பெனி. நாலாம் டாங்கின் மேல்மூடியைத் திறந்த மத்தியாஸ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடியில் அவரோடு வேலை பார்த்த ரத்தினம் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் பளிச்சென்று ஒரு எவர்சில்வர் தம்ளர்.

8.05க்கு சப்-இன்ஸ்பெக்டர் தங்கப்பன் வந்தார். தீயணைப்புக்காரர்கள் ப்ளோயர் போட்டு உள்காற்றை வெளியேற்றிவிட்டு உடலை எடுத்தார்கள். மேனேஜர் ஆன்ட்ரூஸ் சொன்ன கதை சுருக்கமானது. திராட்சை ரசத்தை வடித்த பிறகு டாங்கின் அடியில் சேறுபோல மண்டி தங்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தண்ணீர் அடித்துப் பாதி டாங்கைக் கழுவியிருந்தார்களாம். ஞாயிறு லீவு. ரத்தினம் திருட்டுத்தனமாக நுழைந்து, மிச்ச மண்டியில் ஊறுவதைக் குடிக்க இறங்கி, மூச்சு முட்டிச் செத்திருக்கிறார். நல்ல கதைதான். தங்கப்பன் தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

கேட்டுக்கு வெளியே ரத்தினத்தின் மனைவி பெமிலா நின்றாள். ராத்திரி முழுக்கத் தேடி அலைந்தவள். நேற்று சர்ச்சில் திருவிருந்து ஞாயிறு. ரசம் வாங்கிய கையோடு, ஒரு சின்ன சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கோயிலிலிருந்தே கிளம்பியவர் திரும்பவில்லை. இப்போது செத்ததோடு திருடன், குடிகாரன் என்ற பெயரும் சேர்கிறது. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஊரில் இனி அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அழக்கூட முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் சுபிதா, நெய்யூர்க்காரி. ஒரு வைன் கம்பெனி மண்ணையும் தண்ணீரையும் வேலையாட்களையும் எப்படி நடத்துகிறது என்று அளந்து சான்றிதழுக்கு மதிப்பெண் போடுவது அவள் உத்தியோகம். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரன் ஒரு பாட்டில்கூட வாங்கமாட்டான். சனிக்கிழமை அளக்கத் தொடங்கியவள், இன்று தொடர வந்தாள்.

அவள் ஆன்ட்ரூஸிடம் போனாள்.

“மூணாம் டாங்குல என்ன இருக்கு சார்?”

“நெறைய வைன்.”

“அடிக்குழாய்க்குப் பூட்டு உண்டா?”

“இல்ல.”

“அப்ப, குடிக்க வந்தவரு அந்தக் குழாயைத் திறக்காம, ஏணி வச்சு ஏறி, உள்ள எறங்கி மண்டியை எதுக்குக் குடிக்கணும்?”

குடிகாரனுக்குப் புத்தி ஏது என்றார் ஆன்ட்ரூஸ். தங்கப்பனின் பேனா மட்டும் நின்றது.

9.20. தண்ணீர் மீட்டர். சனிக்கிழமை 5.40க்கு, கிளம்பும்போது அவள் எடுத்த படம் போனில் இருந்தது. அதற்குப் பிறகு ஓடியது முப்பது லிட்டர். பாதி டாங்கு கழுவ ஆயிரம் லிட்டராவது வேண்டும்.

9.45. உரக்குழி. சனிக்கிழமை படத்தில் வெறும் சருகு. இப்போது அதன்மேல் ஏழு வாளி அளவுக்குச் சிவப்பு மண்டி, உள்ளே ஈரம் காயாமல்.

10.05. டாங்கின் வாயோரம். விரல் நகத்தால் சுரண்டினாள். மெழுகு.

இறங்கி வந்து மத்தியாஸின் கையை விரித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தடம். ரத்தினமும் அவரும் கம்பெனிக்கு வருமுன் ஊரூராகக் கிணறு தூர்வாரியவர்கள்.

“அண்ணே, மெழுகுதிரி எறக்கிப் பாத்தீங்களா?”

மத்தியாஸ் கையை மூடிக்கொண்டார். “மொதல்ல ஒரு வட்டம், பொறவு ஒரு வட்டம் எறக்கினேன் மேடம். அணையல்ல. கெணத்துல அப்பிடித்தான் பாப்போம். அணையல்லன்னா எறங்கலாம்.”

சுபிதா தங்கப்பனிடம் திரும்பிச் சொன்னாள். தம்ளரில் ஒரு சொட்டுக் கறை இல்லை, அது பிறகு போடப்பட்டது. டாங்கில் தண்ணீர் படவில்லை. பாதி மண்டியை ரத்தினம் கையால் சுரண்டியிருக்கிறார். உள்ளே நிற்கிறவர் வாளியை நிரப்பத்தான் முடியும், தானே மேலே தூக்கி உரக்குழியில் கொட்ட முடியாது. தூக்கிக் கொட்டியது மத்தியாஸ். கிணற்றில் திரி எரிந்தால் நல்ல காற்று என்று அர்த்தம், அது அப்படியே இருக்கும். மண்டி அப்படியில்லை. அது புளித்துக்கொண்டே இருக்கும், சுரண்டச் சுரண்ட விஷக்காற்று கிளம்பும். ப்ளோயர் ஓடாமல் இறங்கவே கூடாது. தண்ணீரும் வேண்டாம் ப்ளோயரும் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தண்ணீர் மீட்டரையும் கரண்டு மீட்டரையும் நான் இன்று படிப்பேன் என்று பயந்தவர்.

“ஆன்ட்ரூஸ் சார்,” என்றாள்.

அதற்குமேல் மத்தியாஸ் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். கோயில் வாசலில் வைத்து ஆன்ட்ரூஸ்தான் இருவரையும் அனுப்பினார். எட்டாவது வாளிக்குக் கயிறு அசையவில்லை. மத்தியாஸ் ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தார். ஆன்ட்ரூஸ் எட்டிப் பார்த்தார், தம்ளரைப் போட்டார், மூடியை மூடினார். வாயைத் திறந்தால் வேலை இல்லை, காலையில் நீயே வந்து மூடியைத் திற என்று சொல்லி மத்தியாஸை வீட்டுக்கு அனுப்பினார்.

“மூடும்போ உசிரு இருந்துதா?” என்று தங்கப்பன் கேட்டார்.

“எனக்கறியாது சாரே. நான் பாக்கல்ல.”

போலீஸ் ஜீப்பில் ஏறும்போது ஆன்ட்ரூஸ் சுபிதாவைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார். “டாங்கு கழுவுற தண்ணியப் பாதியாக்கு, கரண்டக் கொறைன்னு போன வருசம் எழுதித் தந்தது நீங்கதானே மேடம். கொறைச்சேன்.”

எழுதியது அவள்தான். எப்படிக் குறைப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

மாலை 4.30க்கு அவளுடைய தலைமை அலுவலகம் போன் செய்தது. தண்ணீர் மதிப்பெண் பிரமாதமாம். விபத்து என்ற இடத்தில் பூஜ்யம் போடச் சொன்னார்கள். ரத்தினம் கான்ட்ராக்ட் ஆள், கம்பெனியின் வேலையாள் பட்டியலில் பெயர் இல்லை, அதுவும் லீவு நாள். அவள் கத்தினாள், கெஞ்சினாள், வேலையை விடுகிறேன் என்றாள். விடலாம், வேறு ஆள் கையெழுத்துப் போடுவார் என்று தன்மையாகச் சொன்னார்கள்.

5.15. பிணவறை வாசலில் பெமிலா உட்கார்ந்திருந்தாள். சுபிதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அவிய குடிச்சுச் சாவல்லன்னு எழுதியாச்சா?”

“போலீஸ்ல எழுதியாச்சு அக்கா. வேலை பாக்கும்போ செத்தாருன்னு எழுதியாச்சு.”

“கம்பெனிக்க புக்குல?”

பொய் சொல்லியிருக்கலாம். சுபிதாவுக்கு வாய் வரவில்லை. அந்தப் பட்டியலில் ரத்தினம் என்று ஒருவர் எந்த வருடத்திலும் இல்லை என்று உள்ளதைச் சொன்னாள்.

நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் பெமிலா கேட்டாள்.

“பதினோரு வருசமா, காலைல நான் சோறு கெட்டிக் குடுத்து விட்டனே மேடம். அவிய பின்ன எங்க போனாவ?”